நாற்பது டிகிரியில் கொதிக்கும் திரவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறேன். அக்ரிலிக் தகடுகளை ஒட்ட மெத்திலீன் குளோரைடு பயன்படுத்துகிறோம். மழைக்காலத்தில் ஒட்டிய இடம் பால் போல வெளுத்துவிடுவதால், ஷட்டரை இறக்கி ஏசி போட்டுக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினோம். அதிலிருந்து மாலையானால் எனக்கும் உதவியாளருக்கும் தலைவலியும் கிறுகிறுப்பும் வருகின்றன. முகக்கவசம், கையுறை இரண்டும் அணிந்தே வேலை செய்கிறோம். அந்தத் திரவம்தான் காரணமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அதுதான் காரணம் என்றே கொண்டு, இதைப் படித்த உடனே ஷட்டரைத் திறந்துவிடுங்கள். மற்ற விளக்கங்களைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

டைகுளோரோமீத்தேன் என்றும் அழைக்கப்படும் இத்திரவத்தின் கொதிநிலை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பக்கத்துத் தகரக் கூரையின் கீழ் அந்த வெப்பம் இயல்பாகவே வந்துவிடும். ஆகவே மூடி திறந்த புட்டி ஒன்று மேசைமேல் இருந்தாலே, யாரும் தொடாமல் அது அறையை நிரப்பிக்கொண்டிருக்கும். இதன் ஆவி காற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது என்பதால் மேலே எழாமல் தரையோடு பரவித் தேங்குகிறது. சுவரின் உச்சியில் வைத்த எக்ஸாஸ்ட் விசிறி அதை எளிதில் இழுக்காது. ஏசியோ அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. ஒட்டு வெளுக்காமல் இருக்க நீங்கள் கண்ட வழியே உங்கள் தலைவலிக்கு வழியாகிவிட்டது.

இந்த ஆவியின் தீங்கு மயக்கத்தோடு நிற்பதில்லை. உடலுக்குள் சென்ற பிறகு இதன் ஒரு பகுதியைக் கல்லீரல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டிப் படுத்தவர்களைக் கொல்லும் அதே வாயுதான் அது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைக்கிறது. கொழுப்புத் திசுக்களில் தங்கிய திரவத்திலிருந்து, நீங்கள் கடையை விட்டுப் போன பிறகும் சில மணி நேரம் அந்த வாயு உருவாகிக்கொண்டே இருக்கிறது. இதய நோய் உள்ளவர்களுக்கு இது மிகவும் ஆபத்தானது. மருத்துவரிடம் சென்றால் எந்தத் திரவத்தோடு வேலை செய்தீர்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கூறுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் நல்ல இரத்தமாகவே காட்டும் என்பதால், தனியாக இரத்தப் பரிசோதனை தேவைப்படும். புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ள பொருள்களிலும் இது சேர்ந்திருக்கிறது.

முகக்கவசத்தையும் கையுறையையும் நம்பியிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் இந்தத் திரவத்துக்கு விரைவில் நிறைந்து பயனற்றுப் போய்விடும். மெல்லிய நைட்ரைல் கையுறையை இது ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், அத்தகைய கையுறைக்குள் சிக்கிய சில துளிகளால் மோதிரம் இருந்த விரலில் நெருப்புப் பட்டாற்போல் எரிந்தது. கையுறை அணிந்திருக்கிறோமே என்ற தைரியத்தில் அதை உடனே கழற்றாமல் இருந்ததால் தோல் உரிந்தது. பல அடுக்குப் படலத்தால் ஆன லேமினேட் கையுறை தாங்கும். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறையும் தாங்கும். ஆனால் அது தண்ணீரில் கரையும் என்பதால் வியர்வையும் ஈரமும் மிகுந்த நம் ஊரில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மணத்தையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். 2024இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு விதித்தது. மூக்கு உணரத் தொடங்குவது அதைவிடப் பல மடங்கு மிகுந்த பிறகுதான்.

இனி வெளுப்பைப் பற்றி. இத்திரவம் அக்ரிலிக்கின் மேற்பரப்பைக் கரைக்கிறது. இரு தகடுகளின் மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகு ஆவியாகிப் போய்விடுகிறது. அப்படிப் போகும் வேகத்தில் அந்த இடத்தின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் தகடு குளிர்ந்து, மழைக்காலக் காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. மெதுவாக உலரும் வகை அக்ரிலிக் சிமெண்டு கடைகளில் கிடைக்கிறது, மழைக்காலத்துக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் பெரும்பாலும் இதே திரவம் கலந்திருக்கும் என்பதால் காற்றோட்டம் அதற்கும் வேண்டும். ஒட்டும் வேலையை வெயில் ஏறிய நேரத்தில், வாசலை ஒட்டிய இடத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து வேலையைக் கடந்து வெளியே போகுமாறு அமர்ந்து செய்யுங்கள். விசிறி வைப்பதானால் தரைமட்டத்தில், காற்றை வெளியே தள்ளுமாறு வையுங்கள். ஒரு வேலைக்குச் சில மில்லி லிட்டர் போதும். ஊசி முனையுள்ள சிறு புட்டியில் அந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிய புட்டியை உடனே மூடிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள், பார்வைக்கு இதற்கும் தண்ணீருக்கும் வேறுபாடு தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தகட்டின் விளிம்பைப் பளபளப்பாக்கத் தீச்சுடர் காட்டும் வழக்கம் உங்கள் தொழிலில் உண்டு. இந்த ஆவி இருக்கும் அறையில் அதைச் செய்தால், சுடரில் ஆவி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயுவும் உண்டாகும். இரண்டு வேலைகளும் ஒரே அறையில் நடக்கவே கூடாது. சுடர் காட்டிய விளிம்பில் உள் இறுக்கம் இருப்பதால் பின்னர் அதில் கரைப்பான் பட்டால் நுண்விரிசல் விழும், ஆகவே ஒட்ட வேண்டிய விளிம்புக்குச் சுடர் காட்டாதிருப்பது வேலைத் தரத்துக்கும் நல்லது.

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீட்டின் நிலைக்கதவில் பல அடுக்குப் பெயிண்ட் ஏறியிருக்கிறது. ரிமூவர் பூசிச் சுரண்டினால் தேக்கு வெளிப்பட்டுவிடும் என்கிறார் தச்சர். முற்றத்தில் வைத்துச் செய்யச் சொல்லலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் 2000க்கும் 2011க்கும் இடையே, குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இத்தகைய ரிமூவரால் நீக்கிய 13 தொழிலாளர்கள் இறந்தார்கள். சிறிய குளியலறையில், குனிந்து, தொட்டிக்குள் தலையை வைத்து வேலை செய்தவர்கள் அவர்கள். நம் வீடுகளின் முற்றம் வானம் பார்த்தது என்றாலும் தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்தது. காற்று அசையாத மதியத்தில் கனத்த ஆவி அங்கேயே கிடக்கும், குந்தி அமர்ந்து சுரண்டுகிறவரின் முகமும் அதே உயரத்தில்தான் இருக்கும்.

பென்சைல் ஆல்கஹால் கலந்த ரிமூவர்கள் இருக்கின்றன. அவை மெதுவாகத்தான் வேலை செய்யும், சில வேளை ஓர் இரவு முழுவதும் ஊற விட வேண்டும். நூறாண்டு நின்ற கதவுக்கு ஓர் இரவு பெரிதில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ஈரமாக வைத்தே சுரண்டச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். காஸ்டிக் சோடா மலிவு என்பார்கள், ஆனால் அது தேக்கைக் கருக்கச் செய்துவிடும்.

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். டைகுளோரோமீத்தேன் கொண்டு பிரித்தெடுக்கும்போது பிரிபுனலின் (கலக்காத இரு திரவங்களைப் பிரிக்கும் கண்ணாடிக் கலத்தின்) அடைப்பான் தெறிக்கிறது. என்ன தவறு செய்கிறேன்? (மாணவி, காரைக்குடி)

பதில்: உங்கள் கைச்சூடே அதைக் கொதிநிலைக்கு அருகில் கொண்டுபோய்விடுகிறது. முதலில் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து, குழாய் முனையை ஆள் இல்லாத திசையில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள் நோக்கிப் பிடித்துத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்; சீறல் அடங்கும்வரை இதைத் திரும்பச் செய்த பிறகே குலுக்குங்கள். சோடியம் பைகார்பனேட்டால் கழுவும்போது வாயுவும் சேர்ந்து வரும் என்பதால் இன்னும் பொறுமை வேண்டும். ஃபியூம் ஹுட் பழுதாகியிருந்தால் அன்று அந்தச் சோதனையைச் செய்ய மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்குப் பதில் எத்தைல் அசிட்டேட் என்ற கரைப்பான் போதுமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பல வேலைகளுக்குப் போதும், தீப்பற்றும் தன்மையை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இத்திரவத்தைச் சோடியம் உலோகத்தோடு சேர்த்தால் வெடிக்கும். சோடியம் அசைடோடு சேர்த்தால் வெடிபொருளே உருவாகும். குளோரின் கலந்த கழிவுக்குத் தனிப் புட்டி வையுங்கள்.

கேள்வி: மிச்சமாகும் திரவத்தைக் கொல்லையில் மண்ணில் ஊற்றினால் வெயிலில் பறந்துவிடாதா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: ஒரு பகுதி பறக்கும், மறு பகுதி இறங்கும். தண்ணீரைவிட 1.3 மடங்கு அடர்த்தியானது என்பதால் நிலத்தடி நீரை எட்டினால் அதன் அடிக்குப் போய்த் தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். கூரைத் தண்ணீரைக்கூட வீணாக்காமல் கிணற்றுக்கும் ஊருணிக்கும் சேர்த்துவைத்த ஊர்கள் நம்முடையவை. மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் பெயர் எழுதிச் சேர்த்து வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். புட்டியை விளிம்புவரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டு, வெயில் படாத அறையில் தரைமட்டத்தில் வையுங்கள்.