வில் அடுக்குகளை ஒட்ட எந்தப் பசை? கேட்டவர்களுக்குப் பதில்

நீளமாக, மெல்லியதாக அறுத்த மரப் பலகைகளை (இங்கே பட்டை என்று சொல்கிறேன்) ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி வில் செய்கிறவர்கள் பசை பற்றிக் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். வில்லைப் பிடித்து நிற்கும்போது குறியைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், நம்மைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இது என் முதல் வில். முதுகுக்கு மூங்கில், வயிற்றுக்கு ஐப்பே என்ற வெளிநாட்டுக் கடின மரம். எப்பாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து இறுக வைக்கும் பசை) வாங்கவா, மரவேலைப் பசை போதுமா?

பதில்: இரண்டு பட்டையையும் பசை இல்லாமல் சேர்த்து வைத்து, கையால் மட்டும் அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீளம் முழுக்க எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை என்றால் டைட்பாண்ட் 3 என்ற மரவேலைப் பசை போதும், அந்தப் பசையில் எத்தனையோ நல்ல வில்கள் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் தெரிந்தால் இழைப்புளியை மறுபடி எடுங்கள், அதற்கு மேலும் சரிவரவில்லை என்றால்தான் எப்பாக்ஸி, ஏனென்றால் எப்பாக்ஸி சின்ன இடைவெளியை நிரப்பி அப்படியே இறுகும், மரப்பசையோ தண்ணீர் போகப்போகச் சுருங்கி அந்த இடத்தில் வலுவில்லாமல் விட்டுவிடும். டைட்பாண்டைத் தடவிய பிறகு உங்களுக்கு இருப்பது பத்து நிமிடம்தான், அதனால் கிளாம்ப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஒருமுறை பசை இல்லாமலே கட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஐப்பே எண்ணெய்ப் பசையுள்ள மரம். ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால், துணியில் நிறம் ஏறுவது குறையும்வரை துடைத்துவிட்டு, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டிவிடுங்கள். தேக்குக்கும் இதே கதைதான்.

கேள்வி: வீட்டில் சாதாரண வெள்ளைப் பசை நிறைய இருக்கிறது. அதையே போடலாமா?

பதில்: வேண்டாம். மேசை நாற்காலிக்கு அது நல்ல பசை, ஆனால் வில்லில் அது செய்ய வேண்டிய வேலை வேறு. நாணை இழுக்கும்போது முதுகு நீளப் பார்க்கும், வயிறு சுருங்கப் பார்க்கும், நடுவில் இருக்கும் பசைதான் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விடாமல் பிடித்து நிற்க வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை சூட்டில் இளகும், தொடர்ந்து சுமை இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்தும் கொடுக்கும். நாண் பூட்டிய வில்லை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) பட்டை வைத்தால்?

பதில்: அப்போது எப்பாக்ஸி மட்டும்தான். டைட்பாண்ட் போன்ற பசை காய, தண்ணீர் மரத்துக்குள் இறங்கி வெளியேற வேண்டும், கண்ணாடி இழை தண்ணீரைக் குடிக்காது. வில் செய்கிறவர்கள் ஸ்மூத்-ஆன் நிறுவனத்தின் இஏ-40 எப்பாக்ஸியைப் பல வருடமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள், மரப்பெட்டிக்குள் பல்புகளை எரியவிட்டுச் சூட்டில் இறுக வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் பிடிக்கிற வகையை வாங்காதீர்கள், தடவி முடிப்பதற்குள் கெட்டியாகிவிடும், சூடும் தாங்காது. பிசின், அதை இறுக வைக்கும் இறுக்கி என்ற இரண்டு பாகத்தையும் கண் அளவில் ஊற்றாமல் சின்னத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கையுறை கட்டாயம். இறுக்கியைத் திரும்பத் திரும்பத் தோலில் பட விட்டால் ஒவ்வாமை வந்துவிடலாம், வந்த பிறகு எப்பாக்ஸி பக்கமே போக முடியாது.

கேள்வி: கிளாம்பை எவ்வளவு இறுக்க வேண்டும்? என் வில் கைப்பிடிக்குப் பக்கத்தில் பிரிந்துவிட்டது.

பதில்: எனக்கும் மூன்றாவது வில் அதே இடத்தில்தான் பிரிந்தது. முழு இழுப்பில் டப் என்று ஒரு சத்தம், நல்லவேளையாக முகத்தில் படவில்லை. எப்பாக்ஸி போட்டுவிட்டு, பலம் வேண்டும் என்று கையில் இருந்த கிளாம்ப் அத்தனையும் போட்டு நெரித்திருந்தேன். பசை முழுக்க வெளியே பிதுங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிரிந்த எந்த வில்லையும் உடனே தூக்கிப் போடாமல் அந்த முகத்தைப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள். இரண்டு பக்கமும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசைமேல் குற்றம் இல்லை, மரம்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரு பக்கம் பளபளவென்று பசை, மறுபக்கம் சுத்தமான மரம் என்றால் எண்ணெயோ தூசியோ கைவியர்வையோ இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வெறும் மரமாக, பசையே இல்லாதது போல இருந்தால் என் கதைதான் உங்கள் கதையும். எப்பாக்ஸிக்குப் பட்டைகள் நன்றாகத் தொட்டுக்கொண்டு, ஓரம் முழுக்க மெல்லிய பசைக்கோடு பிதுங்கினால் போதும். சைக்கிள் டியூபை நீள நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழும். டைட்பாண்டுக்கு நல்ல இறுக்கம் வேண்டும். முகத்தையும் பசைக்கேற்பத் தயார் செய்ய வேண்டும்: மரப்பசைக்கு இழைத்த வழவழப்பு, எப்பாக்ஸிக்கு 60 அல்லது 80 நம்பர் சாண்ட் பேப்பரின் கீறல்.

கேள்வி: பாலியூரித்தேன் பசை? பொங்கி வந்து இடைவெளியை நிரப்புகிறதே.

பதில்: பொங்குவது நுரை. நுரைக்குப் பலம் கிடையாது.

கேள்வி: ஐயா, அந்தக் காலத்தில் இவை எதுவும் இல்லாமல் எப்படி ஒட்டினார்கள்?

பதில்: தோல், நரம்பு, மீன் இவற்றைக் காய்ச்சி எடுத்த பசையில்தான். கொரியாவின் கக்குங் வில்லில் எருமைக்கொம்பு, மூங்கில், விலங்கு நரம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது கத்தாளை இனத்து மீன் ஒன்றின் காற்றுப்பையைக் காய்ச்சிய பசை. வளையும்போது கூடவே வளையும், காயும்போது சுருங்கி நரம்பை இறுக்கும். ஆனால் ஈரக்காற்று அதற்கு ஆகாது, அதனால் வில்லை மிதமான சூடுள்ள பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். ஜப்பானில் மூங்கில் வில்லுக்குப் பேர்போன ஊர் மியாகோனோஜோ. அங்கே பசை தடவிய பட்டைகளைக் கயிற்றால் வரிந்து, கயிற்றுக்கடியில் மூங்கில் ஆப்புகளை ஒவ்வொன்றாக அடித்து இறுக்குவார்கள், வில்லுக்கு வளைவு வருவதும் அந்த ஆப்பில்தான். ஜப்பானிலும் இப்போது செயற்கைப் பசையில் செய்த வில்கள் நிறைய.

கேள்வி: ஒட்டிய எத்தனை நாளில் வளைத்துப் பார்க்கலாம்?

பதில்: டைட்பாண்ட் 24 மணி நேரத்தில் பிடித்துவிடும், ஆனால் நீங்கள் மரத்துக்குள் செலுத்திய தண்ணீர் அதற்குள் போய்விடாது, நான் ஒரு வாரம் விடுகிறேன், அடைமழைக் காலம் என்றால் பத்து நாள். சூடு காட்டாத எப்பாக்ஸிக்கும் ஒரு வாரம் கொடுங்கள். கலக்கிய கோப்பையில் மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் வில்லைத் தொட வேண்டாம்.