பிட் லேனில் 80, பொதுச் சாலையில் 140

கேள்வி: எனக்குக் கார் என்றால் உயிர். ஆயிலை நானே மாற்றுவேன், சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். நண்பர்களோடு நள்ளிரவில் ஆளில்லாத நெடுஞ்சாலையில் 140 வரை போவதுண்டு. எல்லாருமே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. தெருவில் அட்டகாசம் செய்கிறவர்களோடு எங்களையும் சேர்த்து ஏசுகிறார்களே, இது நியாயமா?

பதில்: நியாயம்தான். பொதுச் சாலையில் 140-இல் போகிற உங்களுக்கும் நீங்கள் சொல்லும் அந்த அட்டகாசக்காரர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஒரு இயந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் புரிந்துகொள்வது அருமையான விஷயம். உங்களிடம் கூடுதலாகக் கோபப்படுவதற்கும் அதுவேதான் காரணம். கார் பற்றி ஒன்றும் தெரியாதவர் வேகமாக ஓட்டினால் அறியாமை என்று சொல்லலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும். அவ்வளவு பெரிய வண்டி சாலையைத் தொடுவது டயருக்கு ஒரு உள்ளங்கை அளவுக்கு நான்கே இடங்களில்தான் என்பதும், எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் செய்ய நினைப்பதெல்லாம் அந்த நான்கு இடங்கள் வழியாகத்தான் நடந்தாக வேண்டும் என்பதும் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால், அதை அடக்க பிரேக் செய்ய வேண்டிய வேலை நான்கு மடங்காகும் என்பதும் தெரியும்.

ஆளில்லாத சாலை என்கிறீர்கள். ஆள் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? 140-இல் கார் ஒரு நொடிக்கு 39 மீட்டர் ஓடுகிறது. தாழ்த்திய ஹெட்லைட்டில் தெளிவாகத் தெரிவது சுமார் 50, 60 மீட்டர். நல்ல டயர், காய்ந்த சாலை, ஒரே நொடியில் பிரேக்கை மிதித்துவிடுகிற விழிப்பு, இவ்வளவும் இருந்தாலும் வண்டி நிற்க 150 மீட்டர் அளவுக்கு வேண்டும். பார்த்துப் பிரேக் போட்டு நிற்பதற்குள், நீங்கள் பார்க்கவே பார்க்காத 90 மீட்டர் இருட்டையும் தாண்டியிருப்பீர்கள். அந்த இருட்டில் பின்விளக்கு எரியாத லாரி பழுதாகி நிற்கலாம். வேலை முடிந்து ஒருவர் சைக்கிளில் போகலாம். அங்கே உங்கள் திறமைக்கு ஒரு வேலையும் இல்லை.

சரி, ஊருக்குள் நாங்கள் 70-க்கு மேல் போவதில்லை என்பீர்கள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று 50-இல், மற்றொன்று 70-இல். ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. இருவருமே ஒரே கணத்தில் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கை முழுதாக மிதிக்கிறார்கள். 50-இல் வந்த கார் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடுகிறது. அதே இடத்தைத் தொடும்போது 70-இல் வந்த காரின் வேகம் எவ்வளவு இருக்கும்? இருபது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 58 வரும். முதல் கார் எந்த வேகத்தில் வந்துகொண்டிருந்ததோ அதைவிட அதிகம்! அதிகப்படியான அந்த 20, குழந்தையின் மேல் 58 ஆகப் போய் விழுகிறது. இரண்டு ஓட்டுநர்களுக்கும் திறமை ஒன்றுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாகிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே இதுதான். செத்தவர்களில் பாதிக்கு மேல் நடந்து போனவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள். அவர்களில் யாரும் உங்கள் பந்தயத்தில் பெயர் கொடுத்தவர்கள் அல்லர்.

நீங்கள் கும்பிடுகிற பந்தய உலகத்தையே பாருங்கள். 1955-இல் பிரான்சில் நடந்த லெ மான் கார் பந்தயத்தில் ஒரு கார் பறந்துபோய்த் தடுப்பில் மோதி, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். ஓட்டியவர் கத்துக்குட்டி அல்ல, அனுபவசாலி. அதற்குப் பிறகு சுவிட்சர்லாந்து சர்க்யூட் பந்தயத்தையே பல பத்தாண்டுகள் தடை செய்து வைத்திருந்தது. பந்தயக்காரர்கள் பாடம் கற்றார்கள். ஓடுதளத்துக்கு வெளியே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் சரளைக்கல் பரப்பு, தடுப்புச் சுவர், கொடிக்காரர்கள், தயாராக நிற்கும் மருத்துவ வண்டி, 2018 முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்கிற பாதுகாப்பு வளையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 300-ஐத் தாண்டி ஓட்டுகிற அதே ஓட்டுநர்கள் பிட் லேனுக்குள், அதாவது டயர் மாற்றவும் பழுது பார்க்கவும் ஒதுங்குகிற பாதைக்குள், நுழைந்ததும் பெரும்பாலான தளங்களில் 80-க்கு இறங்கிவிட வேண்டும், மொனாக்கோவில் 60தான். மீறினால் தண்டனை. காரணம், அங்கே மனிதர்கள் காலால் நடமாடுகிறார்கள். உலகத்தின் தேர்ந்த கைகளுக்கே இந்த விதி என்றால், நாள் முழுக்க மனிதர்கள் நடமாடுகிற சாலையில் உங்களுக்கு ஏது விதிவிலக்கு?

கீறல் விழாததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எதிரே வந்தவர் எத்தனை முறை உங்களுக்காக ஒதுங்கினார் என்பது உங்கள் காரில் பதிவாகாது.

உண்மையான கார் பிரியர்கள் இருக்கிறார்கள், எனக்கே பலரைத் தெரியும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்து அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்தது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், சூடேறினால் கொதித்துக் கைவிட்டுவிடும் என்று தெரிந்து காலாகாலத்தில் மாற்றுவார்கள். வேகம் வேண்டுமென்றால் பணம் கட்டி ஓடுதளத்துக்குப் போய், ஹெல்மெட் மாட்டி, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு ஓட்டுவார்கள். அங்கே எதிரே வண்டி வராது, குழந்தை ஓடாது. வீட்டுக்குத் திரும்பும்போது அவர்களைவிட நிதானமாக ஓட்டுகிறவர்களைப் பார்க்க முடியாது.

அவர்களோடு சேர்த்து உங்களையும் பேச வேண்டுமென்றால் வேலை உங்கள் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கார் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது ஒருவர் டயரைப் புகைய விடுவார், பத்துப் பேர் போனை உயர்த்துவார்கள். அந்தப் பத்துப் போன்கள் இல்லையென்றால் அவர் பாதி நேரம் அதைச் செய்யவே மாட்டார். படம் எடுக்காதீர்கள், பகிராதீர்கள், மறுபடி அவரை அழைக்காதீர்கள். அப்புறம், 140 தொடுகிற நண்பரின் பக்கத்து இருக்கையில் இனி ஏறாதீர்கள். ஏன் என்று கேட்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.