டிபிஎம் சிப் வேலை செய்தும் டிரஸ்டட் கீ உருவாக்கும்போது "நோ சச் டிவைஸ்" என்று வருவது ஏன்?

கேள்வியின் சுருக்கம்: ராஸ்பெர்ரி பை 4-இல் எஸ்எல்பி9670 டிபிஎம் பலகை (சாவிகளைப் பூட்டிக் காக்கும் பாதுகாப்புச் சிப்) பொருத்தியாயிற்று. அதன் சாதனக் கோப்பு /டெவ்/டிபிஎம்0 தெரிகிறது. ஆனால் வட்டைக் குறியாக்கும் டிஎம்-கிரிப்டின் சாவியை லினக்ஸ் கர்னலின் டிரஸ்டட் கீயாக (டிபிஎம் பூட்டிவைக்கும் சாவியாக) உருவாக்கப் போனால் "நோ சச் டிவைஸ்" என்று நிற்கிறது.

சிப்பில் கோளாறு இல்லை. கர்னலில் எது முதலில் எழுகிறது என்பதுதான் சிக்கல். டிரஸ்டட் கீ பகுதி தொடங்கும்போது ஒரே ஒருமுறை டிபிஎம்மைத் தேடும். அந்த நேரத்தில் சிப் இல்லையென்றால் "டிரஸ்டட்" என்ற சாவி வகையையே பதிவு செய்யாமல் விட்டுவிடும், பிழையும் காட்டாது. பிறகு சிப்போடு பேசும் எஸ்பிஐ டிரைவர் எழுந்து /டெவ்/டிபிஎம்0 வந்தாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்கும் பிழை, அப்படி ஒரு சாவி வகை இல்லை என்பதைத்தான் சொல்கிறது.

கர்னல் அமைப்பில் டிரஸ்டட் கீஸ் "ஒய்" (கர்னலுக்குள்ளேயே) என்றும், டிபிஎம் டிஐஎஸ் எஸ்பிஐ டிரைவர் "எம்" (பிறகு ஏற்றும் மாட்யூல்) என்றும் இருந்தால் இது நடந்தே தீரும். இரண்டையும் "ஒய்" ஆக்கினாலும் எஸ்பிஐ டிரைவர் தாமதமாக எழுந்தால் இதே கதிதான். அதனால் பையில் டிரஸ்டட் கீஸ், என்கிரிப்டட் கீஸ் (கர்னலின் இன்னொரு சாவி வகை), டிஎம்-கிரிப்ட் மூன்றையும் மாட்யூலாக வைத்து, /டெவ்/டிபிஎம்0 வந்தபின் ஏற்றுவதையே பரிந்துரைப்பேன். ஏற்கெனவே ஏறியிருந்தால் டிஎம்-கிரிப்ட், என்கிரிப்டட் கீஸ், டிரஸ்டட் என்ற வரிசையில் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். டிரஸ்டட் மாட்யூலை மற்ற இரண்டும் பிடித்திருக்கும் என்பதால் அதை முதலில் இறக்க முடியாது.

அடுத்து, டிபிஎம் 2.0-இல், மற்ற சாவிகளைப் பூட்டும் தாய்ச்சாவியை நீங்களே உருவாக்கி நிலையான இடத்தில் வைக்க வேண்டும். டிபிஎம்2 கருவிகளில் கிரியேட்பிரைமரி கட்டளையால் உருவாக்கி, எவிக்ட்கன்ட்ரோல் கட்டளையால் 0எக்ஸ்81000001 என்ற கைப்பிடி எண்ணில் நிறுத்துங்கள். பின்னர் (கேஎம்கே என்பது சாவியின் பெயர், @யு பயனரின் சாவி வளையம்):

கீசிடிஎல் ஆட் டிரஸ்டட் கேஎம்கே "நியூ 32 கீஹேண்டில்=0எக்ஸ்81000001" @யு

கீஹேண்டில் விடுபட்டால் "இன்வாலிட் ஆர்கியுமென்ட்" வரும். ரூட்டாக இருந்தும் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வந்தால் கோப்பு அனுமதிகளில் தேட வேண்டாம். டிபிஎம் மறுத்ததையும் கர்னல் அப்படித்தான் சொல்லும். பெரும்பாலும் எண் தவறு, அல்லது தாய்ச்சாவிக்குக் கடவுச்சொல் இருக்கிறது. உருவான சாவியைக் கீசிடிஎல் பைப் கொண்டு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பில் இருப்பது டிபிஎம் பூட்டிய பிளாப் (குறியாக்கிய தரவுத் துண்டு) மட்டுமே; வெற்றுச் சாவி கர்னலைத் தாண்டிப் பயனர் நிரல்களுக்கு வராது. அடுத்த முறை பூட் ஆகும்போது "நியூ"வுக்குப் பதில் "லோட்" என்று கொடுத்து அந்தப் பிளாப்பை ஏற்ற வேண்டும்.

ஏன் 32 பைட்? பை 4-இன் செயலியில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான கட்டளைகள் இல்லை. அதில் ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் மெதுவாகத்தான் ஓடும். இத்தகைய செயலிகளுக்கான அடியாண்டம் குறியாக்க முறைக்கு 32 பைட் சாவி போதும். பை 5-இல் ஏஇஎஸ் கட்டளைகள் உண்டு. அங்கே 64 பைட் சாவியோடு எக்ஸ்டிஎஸ் வையுங்கள். வட்டை இணைக்கும் டிஎம்செட்டப் கருவியின் அட்டவணையில் சாவியின் இடத்தில் :32:டிரஸ்டட்:கேஎம்கே என்று எழுதினால் போதும்.

கையால் ஓட்டும்போது சரியாக வந்து, பூட் ஆகும்போது மட்டும் "ரெக்வயர்ட் கீ நாட் அவைலபிள்" என்றால் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியைப் பாருங்கள். ஒவ்வொரு சேவைக்கும் அது தனிச் சாவி வளையம் தருகிறது, @யு அதில் இணைந்திருக்காது. சாவி ஏற்றுவதையும் டிஎம்செட்டப்பையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்து, தொடக்கத்தில் கீசிடிஎல் லிங்க் @யு @எஸ் என்று சேர்த்துவிடுங்கள்; @எஸ் என்பது அந்தச் சேவையின் வளையம்.

இதெல்லாம் ஓடிய பிறகும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்போதைய அமைப்பு, எஸ்டி கார்டையோ வட்டையோ மட்டும் எடுத்துப்போகிறவரைத் தடுக்கும். பலகையோடு தூக்கிப்போகிறவரைத் தடுக்காது. அவர் வேறொரு கார்டில் பூட் செய்து, அதே டிபிஎம்மிடம் அதே பிளாப்பைக் கொடுத்தால் அது திறந்துவிடும். கணினிகளில் இதற்குத் தீர்வு, பூட் படிகளின் அளவை டிபிஎம் பதிந்துவைக்கும் பிசிஆர் மதிப்புகளோடு பிளாப்பைக் கட்டுவது. பையின் ஃபர்ம்வேர் பூட் படிகளை அளந்து டிபிஎம்மில் எழுதுவதில்லை. பிசிஆர் 0 முதல் 7 வரை எல்லாம் பூஜ்யமாகவே கிடக்கும். எந்தக் கார்டில் பூட் செய்தாலும் அதே பூஜ்யம். அதோடு கட்டிவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நம்புவது, கட்டாமல் இருப்பதைவிட ஆபத்து. அளவிடும் பூட் வசதியோடு யு-பூட் என்ற பூட்லோடரை இடையில் வைக்கலாம். ஆனால் யு-பூட்டையே மாற்றிவிட்டால் அந்த அளவும் பொய்யாகும் என்பதால், பை 4-இன் கையொப்பமிட்ட பூட் வசதியும் சேர்ந்தால்தான் பலன். அது முடியாதென்றால் சாவிக் கட்டளையின் பிளாப்ஆத் வழியாகக் கடவுச்சொல் கட்டி, பூட் ஆகும்போது ஒருவர் அதைத் தட்டச்சு செய்யும்படி வையுங்கள்.

திருடருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. இந்தப் பலகை ஜிபிஐஓ ஊசிகளில் எஸ்பிஐ வழியே பேசுகிறது. ஒட்டுக்கேட்கும் கருவியை மாட்டினால், திறந்த சாவி கம்பியில் அப்படியே போவதைப் படிக்கலாம். லினக்ஸ் 6.10-இல் வந்த டிபிஎம்2 எச்மேக் என்ற கர்னல் அமைப்பை இயக்கினால் அந்த உரையாடல் குறியாக்கமாகும். டிபிஎம் வேலைகள் மெதுவாகும்தான், ஆனால் ஒருமுறை பூட் ஆக ஒரு சாவி திறப்பதற்கு அது பொருட்டல்ல.

கடைசியாக, டிபிஎம்மை கிளியர் செய்தாலோ பலகை செத்தாலோ பிளாப் பயனற்றுப்போகும், எத்தனை நகல் வைத்திருந்தாலும் சரி. நேரடி டிஎம்-கிரிப்டில் லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்க வடிவம் போல இரண்டாவது கடவுச்சொல்லுக்கு இடமில்லை. ஆகவே தரவின் நகல் வேறொரு சாவியில், வேறொரு இயந்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வட்டுப் பிரிவை மாற்றுங்கள்.