பிள்ளையை அடித்துவிட்டு ஜெபித்தால் போதுமா, அக்கா?

(ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருடம் பாடம் எடுத்தவள், மூன்று பிள்ளைகளின் தாய். அந்தத் துணிச்சலில்தான் பதில் சொல்கிறேன்.)

கேள்வி: வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஏழு வயது மகனை ஸ்கேலால் அடித்துவிட்டேன். ஒரு வாரமாக இரவெல்லாம் அழுது ஜெபிக்கிறேன். மனம் ஆறவில்லை, அக்கா.

பதில்: ஆண்டவரிடம் ஏழு இரவு மன்னிப்புக் கேட்டீர்கள். அடி வாங்கியவனிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 5). ஏழு வயதுச் சகோதரனுக்கு அதில் விலக்கு இல்லை.

நானும் பிந்தித்தான் கற்றேன். ஆராதனைக்குப் புறப்படும் அவசரத்தில், வெள்ளைச் சட்டையில் காப்பியைக் கொட்டிக்கொண்டாள் என்று மகளைக் கன்னத்தில் அறைந்தேன். ஆலயத்தில் பாவ அறிக்கை சொல்லும் நேரம், பக்கத்தில் முழங்காற்படியிட்டிருந்தாள். கன்னத்தில் என் மூன்று விரல்களின் தடம் சிவந்து கிடந்தது. எனக்கு வாய் எழவில்லை. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில், "அம்மா செய்தது தப்பு" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் சட்டையை நீங்களே துவைத்துவிடுங்கள்" என்றாள். துவைத்தேன். கறை போகவில்லை என்பது வேறு விஷயம்.

மன்னிப்புக் கேட்கும்போது, "நீ எழுதியிருந்தால் அடித்திருப்பேனா" என்று வால் ஒட்டாதீர்கள். பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்ற வசனத்தை யாராவது நீட்டினால், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிற கொலோசெயர் 3:21-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போவதால் இரவில்தான் மகளைப் பார்க்கிறேன். பாவமா?

பதில்: நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீ வயலையே விசாரித்து வாங்கியவள். உங்களுக்கு இருப்பது பாவமல்ல, அலுப்பு.

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம். பெற்றோர் செய்த பாவம் என்று சபையில் ஒருவர் சொல்லிவிட்டார்.

பதில்: பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்களும் இப்படித்தான் கேட்டார்கள். "இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9). அவருக்குத் தெரியாதது அந்தச் சபையாருக்குத் தெரிந்துவிட்டதாக்கும்! அறிக்கையிட உங்களிடம் ஒன்றுமில்லை. பயிற்சிக்கு அலையும் நாட்களுக்குப் பெலன் கேட்டு ஜெபியுங்கள்.

கேள்வி: பிரசவமாகி இரண்டு மாதம். ஓயாமல் அழுகை. நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஜெபிக்கவும் முடியவில்லை. விசுவாசக் குறைவா?

பதில்: இல்லையம்மா. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சை உண்டு. எனக்கு எழுதியதை அப்படியே கணவரிடமோ தாயிடமோ இப்போதே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் ஜெபத்தை நாங்கள் செய்கிறோம்.

கேள்வி: மகன் ஆலயத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நடக்கவேண்டிய வழியில் பிள்ளையை நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்னும் நீதிமொழிகள் 22:6 என் வளர்ப்பைக் குத்திக்காட்டுகிறது.

பதில்: அது நீதிமொழி ஐயா, உத்தரவாதச் சீட்டு அல்ல. பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் இப்படித்தான் தவித்தாள். மகனோடு வாதாடும்படி ஓர் ஆயரைக் கெஞ்சியபோது, அவனை இப்போதைக்கு விட்டுவிடு, ஜெபம் மட்டும் செய் என்றாராம். அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றது கி.பி. 387-இல், 32 வயதில். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனுக்குப் போன் செய்யும்போது, "ஆலயத்துக்குப் போனாயா" என்று கேட்காமல், "சாப்பிட்டாயா" என்று கேளுங்கள். அந்தப் பேச்சை அவன் எடுக்கட்டும்.