நீதிபதிகளின் பதவிக்காலமும் ஓய்வூதியமும்: பாடாங் செராய் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவின் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்திலிருந்து, பெரும்பாலும் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன், வழக்கறிஞன் அல்லன். ஆகவே தனிப்பட்ட வழக்குகளுக்கு ஆலோசனை கூறாமல், சட்டம் சொல்வதையும் நடைமுறையில் நான் கண்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர்): ஐயா, எங்களுக்கு 60 வயதானால் வேலை முடிந்தது, சேமநிதியில் உள்ளதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீதிபதிகளுக்கு மட்டும் 66 வயது வரை பதவி, அதற்குப் பிறகு சாகும் வரை ஓய்வூதியம். இது என்ன நியாயம்?

பதில்: தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அரசு ஊழியர்களுக்கும் 2012 முதல் 60தான். கூட்டரசு நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உயர்நீதிமன்றம் ஆகிய மூன்றின் நீதிபதிகளுக்கு மட்டும், கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 125ஆம் விதிப்படி 66 வயது வரை பதவி உண்டு. முன்பு அது 65 ஆக இருந்தது.

இதை அவர்களுக்குக் காட்டும் சலுகையாகப் பார்த்தால் உங்கள் கோபம் நியாயமாகவே தோன்றும். ஆனால் இந்த நாட்டில் நீதிமன்றத்துக்கு அடிக்கடி வரும் பெரிய வழக்காளி அரசாங்கமே என்பதை நினைத்துப் பாருங்கள். நிலத்தைக் கையகப்படுத்திய வழக்கானாலும், வரி வழக்கானாலும், தடுப்புக் காவல் வழக்கானாலும் ஒரு பக்கத்தில் நிற்பது அரசாங்கம். அதே அரசாங்கத்தின் கையில் நீதிபதியின் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தால், மறுபக்கத்தில் நிற்கும் உங்களைப் போன்றவர் எந்த நம்பிக்கையில் படியேறுவார்? அதனால்தான் உயர்நிலை நீதிபதிகளின் ஊதியம் 1971ஆம் ஆண்டின் நீதிபதிகள் ஊதியச் சட்டம் என்ற தனிச் சட்டத்தில் வகுக்கப்பட்டு, கூட்டரசுத் தொகுப்பு நிதியின் மீது நேரடிச் செலவாகவும் வைக்கப்பட்டுள்ளது. மற்றத் துறைச் செலவுகளைப் போல ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து அதை வழங்கவோ மறுக்கவோ முடியாது.

தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் இல்லாதது பெரும் குறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான மருந்து நீதிபதியின் ஓய்வூதியத்தைக் குறைப்பதில் இல்லை.

கேள்வி (கூலிமில் கடை வைத்திருப்பவர்): நம் ஊர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: இல்லை. மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிமன்ற நீதிபதியும் நீதித்துறை, சட்டச் சேவையைச் சேர்ந்த அரசு அதிகாரிகள். செஷன்ஸ் நீதிபதியாக இருந்தவர் பின்னர் அரசு வழக்கறிஞராகவோ வேறு துறையின் சட்ட ஆலோசகராகவோ மாற்றப்பட்டதும் உண்டு. அவருடைய ஓய்வும் ஓய்வூதியமும் மற்ற அரசு ஊழியர்களுக்குரிய சட்டத்தின்படியே அமையும். 125ஆம் விதியின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. 10 லட்சம் ரிங்கிட் வரையிலான உரிமையியல் (சிவில்) வழக்குகளையும், தொகை வரம்பே இல்லாமல் வாகன விபத்து வழக்குகளையும் விசாரிப்பவர் செஷன்ஸ் நீதிபதி. நம் மக்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் சந்திக்கும் ஒரே நீதிபதி அவர்தான். அவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். சம்பள பாக்கிக்காக நீங்கள் போகும் ‘லேபர் கோர்ட்’ இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது; அங்கே விசாரிப்பவர் தொழிலாளர் துறையின் அதிகாரி.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): 2025இல் தலைமை நீதிபதிக்குப் பதவி நீட்டிப்பு கொடுக்கவில்லை என்று வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். 66 வயது ஆகிவிட்டால் போக வேண்டியதுதானே? அதில் என்ன சர்ச்சை?

பதில்: நல்ல கேள்வி, டீச்சர். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

125ஆம் விதி 66 வயது என்று சொன்ன கையோடு, மாமன்னர் ஒப்புதல் தந்தால் அதற்கு மேல் ஆறு மாதம் வரை பதவியில் தொடரலாம் என்றும் சொல்கிறது. ஆறு மாதத்தைத் தாண்ட வழியில்லை. யாருக்குக் கொடுப்பது, எந்த அடிப்படையில் மறுப்பது என்பதைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்கூட இல்லை. எடுத்துக்காட்டாக, டான் ஸ்ரீ ரிச்சர்ட் மலாஞ்சும் 2018 ஜூலையில் தலைமை நீதிபதியானார். அந்த அக்டோபரில் 66 வயதை எட்டினார். நீட்டிப்பு கிடைத்ததால் 2019 ஏப்ரல் வரை பதவியில் இருந்தார். அவருக்குப் பின் 2019 மே மாதம் வந்தவர்தான் துன் தெங்கு மைமுன் துவான் மாட், நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி. 2025 ஜூலைத் தொடக்கத்தில் அவருக்கு 66 வயது நிறைந்தது, நீட்டிப்பு வரவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவருக்கும் ஏறத்தாழ அதே நாள்களில் வயது நிறைந்தது, அவருக்கும் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் 66ஐ எட்டிய மலாயா தலைமை நீதிபதிக்கு (தீபகற்பத்தின் உயர்நீதிமன்றத்துக்குத் தலைவர்) நீட்டிப்பு கிடைத்திருந்தது. இடைப்பட்ட நாள்களில் தலைமை நீதிபதியின் பொறுப்பைக் கவனித்தவரும் அவரே. ஜூலை 28ஆம் தேதி டத்தோ ஸ்ரீ வான் அகமட் ஃபாரிட் புதிய தலைமை நீதிபதியாகப் பதவியேற்ற பிறகுதான் நிலைமை சீரானது.

நீட்டிப்பு யாருக்கும் உரிமை அன்று. மறுத்தது சட்டமீறலும் அன்று. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பேச்சுவாக்கில் பலரும் தலைமை நீதிபதியை ‘நீக்கிவிட்டார்கள்’ என்கிறார்கள். வழக்கறிஞர்கள் கேட்டது வேறு: ஓய்வு தேதி இன்னதென்று பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும், உயர்ந்த நாற்காலிகள் காலியாகும் வரை அடுத்தவர் பெயரை அறிவிக்காதது ஏன்? நியமனப் பரிந்துரையைச் செய்யும் நீதித்துறை நியமன ஆணையம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் ஒன்பது உறுப்பினர்களில் நால்வர் பதவி வழியாக வரும் மூத்த நீதிபதிகள். மற்ற ஐவரையும் பிரதமரே நியமிக்கிறார். ஆணையம் தரும் பெயர்கள் பிரதமரிடம் போகின்றன. பிறகு ஆட்சியாளர்கள் மாநாட்டின் கருத்தைக் கேட்டபின் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார்.

என் கருத்தைக் கேட்டால், அந்த ஆறு மாதத்தை எடுத்துவிட்டு ஓய்வு வயதை 66 என்றோ 67 என்றோ ஒரே கோடாகப் போட்டுவிடலாம். பதவியின் கடைசி ஆண்டில் இருக்கும் நீதிபதி அரசாங்கத்துக்கு எதிராகவோ ஆதரவாகவோ எழுதும் தீர்ப்பை, ‘நீட்டிப்பு வேண்டும் என்பதற்காக’ அல்லது ‘நீட்டிப்பு இல்லை என்ற கோபத்தில்’ எழுதினார் என்று எவரும் பேச இடம் இருக்கக் கூடாது.

கேள்வி (ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்): அரசாங்கம் நினைத்தால் நீதிபதிகளின் ஓய்வூதியத்தைக் குறைக்க முடியுமா? எங்கள் ஓய்வூதியக் கணக்கீட்டையே மாற்றினார்களே!

பதில்: நியமனம் ஆனபின் ஒரு நீதிபதியின் ஊதியத்தையோ மற்றப் பணி நிபந்தனைகளையோ அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று 125ஆம் விதியின் ஏழாவது பிரிவு சொல்கிறது, ஓய்வூதிய உரிமையும் அதில் அடங்கும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உயர்த்தலாம், இறக்க முடியாது.

உங்கள் விவகாரத்திலும் இதே கொள்கைதான் வென்றது. வேலையில் இருப்பவரின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் திருத்தப்படும் முறையை மாற்றி, 2013இல் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு என்று கொண்டுவந்தார்கள் அல்லவா? வெளியுறவு அமைச்சில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி அதை எதிர்த்து வழக்காடினார். ஓய்வூதியம் பெறுபவருக்கு முந்தியதைவிடக் குறைந்த நன்மை தரும் சட்டம் செல்லாது என்பது 147ஆம் விதி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஜூனில் அதை உறுதி செய்தது. ஓய்வூதியத்துக்கு அரசாங்கத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிராத நீதிபதிகள் இருந்ததால்தான் உங்கள் ஓய்வூதிய வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு சாத்தியமானது என்று நான் சொல்வேன்.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): நீதிபதி இறந்துவிட்டால் மனைவிக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், அம்மா. 1971ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதியைச் சார்ந்திருப்போருக்கும் வழிவகை செய்கிறது. பெண் நீதிபதியானால் அது கணவருக்குப் போகும்.

கேள்வி (தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர்): தவறு செய்யும் நீதிபதியை நீக்கவே முடியாதா? 1988இல் நீக்கினார்களே, அது எப்படி?

பதில்: முடியும், தம்பி, ஆனால் ஒரு கடிதத்தில் முடிந்துவிடாது. பிரதமரோ, பிரதமரைக் கலந்துகொண்டு தலைமை நீதிபதியோ மாமன்னரிடம் முறையிட வேண்டும். நன்னடத்தை விதிகளை மீறியது, அல்லது உடலாலோ மனத்தாலோ கடமையைச் செய்ய இயலாமை போன்றவையே காரணமாக இருக்கலாம். மாமன்னர் குறைந்தது ஐந்து பேர் கொண்ட தீர்ப்பாயத்தை அமைப்பார். அதில் உட்காருவோர் இந்நாட்டிலோ மற்றொரு காமன்வெல்த் நாட்டிலோ உயர்நிலை நீதிபதிகளாக இருப்பவர்களாகவோ இருந்தவர்களாகவோ இருக்க வேண்டும்.

1988லும் இந்த வழியில்தான் போனார்கள். அப்போது ‘லார்ட் பிரசிடெண்ட்’ என்று அழைக்கப்பட்ட தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். அவரை விசாரித்த தீர்ப்பாயத்துக்குத் தலைமை ஏற்றவர், அவர் போனால் அந்த நாற்காலிக்கு வரக்கூடிய தற்காலிகத் தலைமை நீதிபதியே. பிறகு வந்தவரும் அவர்தான். தொடர்ந்து இடைநீக்கம் செய்யப்பட்ட ஐந்து நீதிபதிகளில் இருவர் நீக்கப்பட்டார்கள். மூவர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2008 ஏப்ரலில், துன் அப்துல்லா அகமட் படாவியின் அரசாங்கம் அந்த ஆறு நீதிபதிகளுக்கும் கருணைத் தொகை வழங்குவதாக அறிவித்தது. ஆறு பேரில் சிலர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். சட்டத்தில் எழுதியிருப்பதை வரி பிசகாமல் பின்பற்றிக்கொண்டே ஒரு நீதிமன்றத்தைச் சாய்க்க முடியும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

கேள்வி (கட்சிக் கிளைச் செயலாளர்): சட்டமன்றத்தில் ஒரு நீதிபதியைப் பற்றிப் பேசச் சொல்லி எங்கள் உறுப்பினரைக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். மாநிலச் சட்டமன்றத்தில் நீதிபதியின் நடத்தையைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறது 127ஆம் விதி. நாடாளுமன்றத்திலும், நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு முறைப்படி தீர்மானம் கொண்டுவந்தால் மட்டுமே பேசலாம்.

கேள்வி (லூனாஸிலிருந்து ஒருவர்): எங்கள் குடும்ப நிலத் தகராறு உயர்நீதிமன்றத்தில் பாதி நடந்திருக்கிறது. நீதிபதி விரைவில் ஓய்வுபெறுவார் என்கிறார்கள். வழக்கு என்னவாகும்?

பதில்: வழக்கு அழியாது, வேறொரு நீதிபதி எடுத்துக்கொள்வார். பதிவாகியுள்ள சாட்சியத்தை வைத்தே தொடர்வதா, சாட்சிகளை மீண்டும் கூப்பிடுவதா என்பது இரு தரப்பு வழக்கறிஞர்களையும் கேட்ட பிறகு முடிவாகும். வயது கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நீதிபதி செய்த செயல் செல்லாமல் போகாது என்றும் 125ஆம் விதியிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. இதை நம்பி யாரும் தாமதிப்பதில்லை என்றாலும், அது ஒரு தற்காப்பு.

எந்திரப் பதிவு வருவதற்கு முன் நீதிபதி சாட்சியத்தைத் தம் கையாலேயே எழுதிக்கொள்வார். தமிழ்ச் சாட்சி சொன்னதை நான் மலாயில் சொல்லி முடித்ததும், பேனா நிற்கும் வரை காத்திருந்துதான் அடுத்த வாக்கியத்துக்குப் போவேன். அப்படி எழுதப்பட்ட குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுத உட்காரும் புதிய நீதிபதிக்கு, குறுக்கு விசாரணையில் சாட்சி தடுமாறியதும் முகம் வெளுத்ததும் தெரியவே தெரியாது. இப்போது ஒளிப்பதிவு இருப்பதால் அந்தக் குறை பெரிதும் நீங்கியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் ஓய்வு தேதியைக் கேட்டு, அதற்குள் விசாரணையை முடிக்க நாள் கோரச் சொல்லுங்கள்.

கேள்வி (சட்டம் படிக்கும் மாணவி): ஓய்வுக்குப் பிறகு நீதிபதிகள் மறுபடியும் வழக்காட வரலாமா? தமிழ்நாட்டில் கூடாது என்று படித்தேன்.

பதில்: அங்கும் முழுத் தடை இல்லை, மகளே. இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது. உயர் நீதிமன்றத்தின் நிரந்தர நீதிபதியாக இருந்தவரோ உச்ச நீதிமன்றத்திலும், தாம் பணியாற்றாத மற்ற உயர் நீதிமன்றங்களிலும் வாதாடலாம். அங்கே ஓய்வு வயது உச்ச நீதிமன்றத்தில் 65, உயர் நீதிமன்றத்தில் 62. உயர் நீதிமன்ற நீதிபதிகள் வழக்கறிஞர் தொழிலிலிருந்து வந்திருந்தாலும் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தாலும் அனைவருக்கும் ஒரே முழு ஓய்வூதியம், அதாவது ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய், என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது.

நம் அரசமைப்புச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை. டத்தோ ஸ்ரீ கோபால் ஸ்ரீராமை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1994இல் வழக்கறிஞராக இருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனவர். 2010இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாக ஓய்வுபெற்று மறுபடியும் வாதாட வந்தார். முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு எதிரான 1எம்டிபி (அரசு முதலீட்டு நிறுவனம்) ஊழல் வழக்கில் அரசுத் தரப்பை வழிநடத்தினார். பலர் நடுவர் மன்றங்களுக்கும் சட்ட நிறுவனங்களின் ஆலோசகர் பதவிக்கும் போகிறார்கள். சிலரை அரசாங்கம் விசாரணை ஆணையங்களுக்கு அழைக்கிறது. நீதிபதி நியமனத்தில் பேரம் நடந்ததாகக் கிளம்பிய ஒளிப்பதிவு விவகாரத்தை 2008இல் விசாரித்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஓய்வுபெற்ற மலாயா தலைமை நீதிபதி ஒருவரே.

வாதாடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது திறந்த மன்றத்தில் நடப்பது. ஓய்வுபெற்ற கையோடு அரசாங்கமோ பெரிய நிறுவனமோ தரும் பதவியை ஏற்பதில்தான் எனக்குத் தயக்கம். இரண்டு ஆண்டு இடைவெளியாவது கட்டாயம் என்று ஊதியச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். வாழ்நாள் ஓய்வூதியம் பெறுகிறவருக்கு அந்த இரண்டு ஆண்டு காத்திருப்பு பெரிய இழப்பாக இருக்காது.