பாலருவி, பதிமூன்று கண் பாலம்: போனை நிமிர்த்திப் பிடித்து வீடியோ எடுப்பதா, படுக்க வைத்தா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிறோம், வீட்டு டிவியிலும் போட வேண்டும், ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டுமென்றால் பெரும்பாலும் படுக்க வைத்து, 4கே-யில் எடுங்கள்.

கணக்கு இதுதான். 4கே படம் 3840×2160 புள்ளிகள் (பிக்சல்). அதன் நடுவிலிருந்து ஸ்டேட்டஸ் வடிவத்துக்கு நெடுக்காக வெட்டினால் 1215×2160 கிடைக்கும். ஸ்டேட்டஸுக்கு 1080×1920 போதும். வெறும் 1080பி-யில் (1920×1080) எடுத்து வெட்டினால் மிஞ்சுவது 607×1080தான், முகமெல்லாம் கொழகொழவென்று தெரியும். வெட்டப்போகிறீர்கள் என்றால் முக்கியமானவர் நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் நின்ற சித்தப்பா போய்விடுவார். 4கே இடத்தையும் தின்னும். நிமிடத்துக்கு 170 முதல் 350 எம்பி வரை போகலாம்.

வெட்டாமல் அப்படியே போட்டால்? நிமிர்த்தி எடுத்தது டிவியில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது, இரு பக்கமும் கறுப்பு. படுக்க வைத்து எடுத்தது ஸ்டேட்டஸில் அதே கதிதான், கறுப்பு மேலும் கீழும் வரும்.

கழுதுருட்டியில் ரயில் போகும் பதிமூன்று கண் பாலத்துக்குப் படுக்கைதான், பேச்சே இல்லை. நிமிர்த்திப் பிடித்துத் தள்ளிப் போனால் பாலம் அடங்கும், ஆனால் பாதிப் படம் வானமும் தார் ரோடும். ரயில் வரும்போது போனைத் திருப்பித் துரத்தாதீர்கள். பாலம் முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்து அசையாமல் நில்லுங்கள், ரயில் தானாக உள்ளே வந்து வெளியே போகட்டும்.

பாலருவி நேர்மாறு. உயரமாக விழும் தண்ணீருக்கு நிமிர்த்திய போன் சரி. வெள்ளைத் தண்ணீர் வெளிறிப் போகாமலிருக்க, திரையில் அருவியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சாரல் லென்ஸில் பட்டபடியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு எடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில். ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் நொடியில் போன் எப்படி இருந்ததோ, வீடியோ கடைசிவரை அப்படித்தான். நடுவில் திருப்பினால் ஆட்கள் படுத்துக்கொண்டு பேசுவார்கள். வாழையிலைச் சாப்பாட்டை மேலிருந்து எடுக்கும்போது இது இன்னும் மோசம், தரையைப் பார்த்த போனுக்கு எது மேல் எது கீழ் என்றே தெரியாது. முதலில் போனை எதிரே நேராகப் பிடித்து, திரையிலிருக்கும் சின்னங்கள் சரியாகத் திரும்பியதா பாருங்கள். பிறகு பட்டனை அழுத்தி, மெதுவாக இலைப் பக்கம் சாயுங்கள்.

படுக்க வைத்துப் பிடிக்கும்போது சார்ஜ் போடும் ஓட்டைப் பக்கம் உள்ளங்கை மூடினால் மைக் அடைபட்டுக் குரல் மங்கும். ஓரங்களை மட்டும் விரலால் பிடியுங்கள்.

பென்டிரைவில் போட்டால் சில பழைய டிவிகளில், நிமிர்த்தி எடுத்த வீடியோ பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். போன் பதிந்த திசைக்குறிப்பை அந்த டிவி படிப்பதில்லை. ஏதாவது எடிட்டிங் ஆப்பில் ஏற்றி ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் போட்டால் நேராக நிற்கும்.