எண்சாண் உடம்பும் 11 அளவுகளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சோதனைச் சாவடியில் முகத்தையும் கண்ணையும் காட்டிவிட்டு ஜொகூர் போய்வருகிறோம். கைரேகை வருவதற்கு முன்பு உடம்பை அளந்தே ஆளைக் கண்டுபிடித்தார்களாமே, எப்படி? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: பெயரை மாற்றிச் சொல்லும் பழைய குற்றவாளியிடம், பெயர்வாரியாக அடுக்கிய கோப்புகள் தோற்றுப்போகும். பாரிஸ் காவல்துறையில் எழுத்தராக இருந்த அல்போன்ஸ் பெர்டியோன் 1879இல் இதற்கு ஒரு வழி யோசித்தார். 20 வயதுக்குப் பிறகு எலும்பு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே உயரம், விரித்த கைகளின் நீளம், தலை, காது, விரல், முழங்கை, பாதம் என 11 அளவுகளை எடுத்து அட்டையில் குறித்தார்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். கூனி நின்று உயரத்தைக் குறைக்கலாம், மண்டையைக் குறைக்க முடியாது. காலிப்பர் எனும் கவை போன்ற அளவுக் கருவியின் ஒரு முனையை மூக்கின் வேரில் வைத்து, மறுமுனையைப் பின்மண்டையில் மேலும் கீழும் நகர்த்தி, மிக நீளமான இடத்தைப் பிடிப்பார்கள். திருகாணியை இறுக்கியபின் கருவியை மறுபடி அதே வழியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லேசாக உரசினால் அளவு சரி. தளர்ந்து ஓடினாலோ முட்டி நின்றாலோ மறுபடி முதலிலிருந்து. பாதத்தை அளக்கும்போது முக்காலியில் இடது காலை மட்டும் ஊன்றி நிற்கச் சொல்வார்கள். உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில் இருக்கும்போது விரலை மடக்கி ஏமாற்ற வழியில்லை. வேலை செய்து உருமாறுவது பெரும்பாலும் வலது கை என்பதால், விரலும் முழங்கையும் இடப்பக்கத்திலேயே அளக்கப்பட்டன.

இனி அட்டை. தலையின் நீளம் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று. அவை ஒவ்வொன்றும் தலையின் அகலத்தால் மூன்று, பிறகு நடுவிரலால் மூன்று. இதிலேயே 27 பிரிவு ஆகிவிடும். ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் அட்டைகள் இருக்கும்படி எல்லைகளை வகுத்ததுதான் பெர்டியோனின் கெட்டிக்காரத்தனம். 1883 பிப்ரவரியில் முதல் ஆள் சிக்கினார். 1884இல் மட்டும் 241 பேர்.

கேள்வி: அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? அமெரிக்கச் சிறையில் வெஸ்ட் என்ற பெயரில் ஒரே அளவுள்ள இரண்டு கைதிகள் இருந்ததாலா? (வாசகர், தோ பாயோ)

பதில்: அந்தக் கதையை அப்படியே நம்பிவிடக் கூடாது. லெவன்வொர்த் சிறையில் வில் வெஸ்ட், வில்லியம் வெஸ்ட் என இருவர் இருந்தது உண்மை. 1903இல் கைரேகை வந்து குழப்பத்தைத் தீர்த்தது என்பார்கள். ஆனால் அந்தச் சிறைக்குக் கைரேகை முறை வந்ததே 1904இல்தான்!

உண்மையான கோளாறு அளப்பவர் கையில். ஒருவர் அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார், மில்லிமீட்டர் பிசகும். ஓர் அளவு எல்லைக்கோட்டில் விழுந்தால் இரண்டு இழுப்பறைகளில் தேட வேண்டும். மூன்று அளவுகள் அப்படி விழுந்தால் எட்டு. உயரமானவருக்குக் கையும் காலும் நீளமாக இருப்பது சகஜம் என்பதால், 11 அளவுகள் 11 தனித்தனிச் சாட்சிகளும் ஆகா.

கைரேகையில் மை, தாள், கொஞ்சம் பழக்கம் போதும். வங்காளத்தில் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் அதை அடுக்கும் வழியையும் வகுத்தார்கள். பத்து விரல்களை ஐந்து இணைகளாக்கி, சுழி உள்ள விரலுக்கு முறையே 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. ஒவ்வோர் இணையிலும் சுழி இருப்பதும் இல்லாததுமாக நான்கு வகை, ஐந்து இணைகளுக்கும் பெருக்கினால் 1,024 பிரிவுகள். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் ஸ்காட்லாந்து யார்டும் இதற்கு மாறியது.

கேள்வி: சிங்கப்பூருக்கு நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகளையும் இப்படி அளந்தார்களா? (வாசகர், ஈசூன்)

பதில்: இல்லை. அவர்கள் வரத் தொடங்கியது 1825இல். கைதிக் குடியிருப்பு மூடப்பட்டது 1873இல். பெர்டியோன் அதற்குப் பிந்தியவர். வங்காள, சென்னை மாகாணங்களில் ஆயுள் கைதிகளுக்கு நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 'கோத்னா' என்று பெயர். 1849இல் அது ஒழிக்கப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் இந்தக் கைதிகளின் உழைப்புதான்.